எப்போதாவது விமானம் ஏறுபவர்களுக்கு: டிக்கெட்டைக் குறைந்த செலவில் எடுப்பது எப்படி?

விமான டிக்கெட்டை மலிவாக வாங்குவது பற்றி உலவும் ஆலோசனைகளில் பெரும்பகுதி, மாதத்துக்கு நான்கு முறை பறப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது. மைல் புள்ளிகளைச் சேர்ப்பது, கடன் அட்டைகளை மாற்றிக்கொண்டே இருப்பது, நள்ளிரவில் விழித்திருந்து சலுகையைப் பிடிப்பது எல்லாம் அவர்களுக்குப் பழகிய விளையாட்டு. ஆண்டுக்கு ஒரு முறையோ, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையோ விமானம் ஏறுபவர் அதில் இறங்கினால் நேரம் போவதுதான் மிச்சம். விமான நிறுவனத்திடம் அவருக்குச் செல்வாக்கு கிடையாது. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாது. விலை இறங்கட்டும் என்று பயணத்தையே இரண்டு மாதம் தள்ளிப்போடும் வசதியும் பெரும்பாலும் இருக்காது.

அதனால் அவர் போட வேண்டிய கணக்கே வேறு. வீட்டுப் படியிறங்கியதிலிருந்து போக வேண்டிய இடம் சேரும்வரை, பெட்டியோடும் நிம்மதியோடும், போய்த் திரும்ப மொத்தம் எவ்வளவு ஆகும்? தேடுதளத்தின் முதல் வரியில் மின்னும் எண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கின்றன.

தேடத் தொடங்கும் முன்: விலை ஏன் ஆடுகிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும், தாண்ட வேண்டாம். இது புரிந்துவிட்டால் மற்ற பாதி தானாகப் புரியும்.

ஒரு விமானத்தின் சாதாரண வகுப்பில் 150 இருக்கைகள் இருந்தால் அவை எல்லாவற்றுக்கும் ஒரே விலை கிடையாது. அவற்றைப் பல கட்டண வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை வைத்திருப்பார்கள். விலை குறைந்த வகுப்பில் சில இருக்கைகளே இருக்கும், நிபந்தனைகளும் அதிகம். அது தீர்ந்ததும் அடுத்த வகுப்பு, அதற்கும் அடுத்தது என்று விலை படியேறும். எந்த வகுப்பில் எத்தனை இருக்கைகளைத் திறந்துவைப்பது என்பதை, விற்பனை எப்படிப் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கணினி மாற்றிக்கொண்டே இருக்கும். மூடிய மலிவு வகுப்பை மறுபடி திறப்பதும் உண்டு. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று தெரிவது இதனால்தான்.

1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை விலக்கும் சட்டம் வந்த பிறகு இந்த முறை வேகமாக வளர்ந்தது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனத்தை இதே ஆயுதத்தால்தான் எதிர்கொண்டது. எப்படியும் காலியாகப் போகும் இருக்கைகளைப் போட்டியாளரின் விலைக்கு விற்றது. கடைசி நேரத்தில் வரும் வணிகப் பயணிகளுக்கான இருக்கைகளை முழு விலைக்குப் பிடித்துவைத்துக்கொண்டது. 1987-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து மறைந்தது.

இதிலிருந்து நமக்கு உடனே கைகொடுக்கும் ஒரு செய்தி உண்டு. நால்வர் சேர்ந்து போகிறீர்கள், மலிவு வகுப்பில் இரண்டு இருக்கைகளே மிச்சம், விலை 100. அடுத்த வகுப்பின் விலை 130. 'நான்கு பயணிகள்' என்று தேடினால், பல முன்பதிவு அமைப்புகள் நால்வருக்கும் சேர்ந்தாற்போல் இடமுள்ள வகுப்பைத்தான் காட்டும்: தலைக்கு 130, மொத்தம் 520. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வாங்கினால் 200-உம் 260-உம் சேர்ந்து 460. ஆகவே குடும்பமாகப் போகும்போது முதலில் 'ஒரு பயணி' என்று தேடுங்கள். பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். தலைக்கு ஆகும் விலை எந்த எண்ணில் தாவுகிறதோ அங்கே மலிவு வகுப்பு தீர்ந்திருக்கிறது. ஆனால் பிரித்து வாங்கினால் இரண்டு தனி முன்பதிவுகளாகிவிடும். விமானம் ரத்தானால் ஒரு பாதி குடும்பத்துக்கு ஒரு விமானத்திலும் மறு பாதிக்கு வேறு விமானத்திலும் இடம் கிடைக்கக்கூடும். சிறு குழந்தைகள் இருந்தால் ஒவ்வொரு முன்பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வித்தியாசம் சொற்பமாக இருந்தால் பிரிக்காமல் விடுவதே நல்லது.

'இந்த விலையில் 2 இருக்கைகளே உள்ளன' என்று சிவப்பு எழுத்தில் வரும் எச்சரிக்கையும் பெரும்பாலும் அந்த வகுப்பைப் பற்றியதுதான். விமானத்தில் அதற்கு மேல் இடமில்லை என்று அதற்குப் பொருளில்லை.

இரண்டு வதந்திகளையும் இங்கேயே முடித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பது ஒன்று. எந்தக் கிழமையில் வாங்குகிறோம் என்பதால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. எந்தக் கிழமையில் பறக்கிறோம் என்பதால் மாறும். மற்றொன்று, நாம் திரும்பத் திரும்பத் தேடுவதைக் கவனித்து நமக்கென்று விலையை ஏற்றுகிறார்கள் என்பது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: தேடுதளம் சற்று முன் சேமித்துவைத்த பழைய விலையைக் காட்டியிருக்கும், சொடுக்கியதும் புதிய விலை வந்திருக்கும். நாம் தேடியதைச் சேமித்துவைக்காத உலாவியின் மறைமுகச் சாளரத்தில் தேடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. அதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள்.

படி 1: எது அசையும், எது அசையாது?

தேடுதளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: போகும் தேதி, திரும்பும் தேதி, விமான நிலையங்கள், லக்கேஜ். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எவ்வளவு அசைய முடியும் என்று குறியுங்கள். திருமணத்துக்குப் போகிறவருக்குப் போகும் தேதி அசையாது. திரும்பும் தேதி மூன்று நாள் முன்பின் ஆகலாம். பள்ளி விடுமுறையில் போகிறவருக்கு இரண்டுமே ஓரளவு அசையும். ஒன்றுமே அசையாது என்றால், உங்களால் சேமிக்க முடிவது கொஞ்சம்தான். விலையோடு மல்லுக்கட்டாமல் சீக்கிரமாக வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே உத்தமம்.

அதே தாளில் ஓர் உச்ச விலையையும் எழுதுங்கள். முதல் தேடலில் தெரியும் விலைகளைக் கொண்டு, 'இதற்குக் கீழே வந்தால் யோசிக்காமல் வாங்குவேன்' என்ற ஒரு தொகை. இது இல்லாதவர்கள்தான் விலை இறங்கும்போது இன்னும் இறங்கும் என்றும், ஏறும்போது மறுபடி இறங்கும் என்றும் காத்திருந்து, கடைசி வாரத்தில் எல்லோரையும்விட அதிகமாகக் கொடுக்கிறார்கள்.

படி 2: தேடுவதும் வாங்குவதும் வேறு வேறு

கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை பெரும்பாலும் விலைகளை ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, வாங்குவதற்கு வேறு இடத்துக்கு அனுப்பிவைக்கும் தளங்கள். இவற்றில் ஏதேனும் இரண்டு போதும். பத்துத் தளங்களைத் திறந்துவைத்தால் குழப்பம்தான் கூடும்.

கூகுள் ஃப்ளைட்ஸில் எனக்குப் பிடித்தது அதன் வேகமும் நாட்காட்டியும். 1996-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கணினியியலாளர்கள் தொடங்கிய, விமானக் கட்டணங்களைத் தேடும் மென்பொருளை உருவாக்கிய ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை 2011-இல் கூகுள் வாங்கியது. அந்த ஆண்டே இந்தச் சேவை வெளிவந்தது. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் கொடுத்துவிட்டுத் தேதிக் கட்டத்தைத் திறந்தால், ஒவ்வொரு நாளின் கீழும் குறைந்த விலை தெரியும். முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட தேதியைக் கொடுத்துத் தேடுபவருக்கு, மறுநாள் போனால் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாமலே போய்விடும். பல வழித்தடங்களில் வார நடுவில் விலை தாழ்ந்தும், வெள்ளி, ஞாயிறுகளில் உயர்ந்தும் இருக்கும். ஆனால் இது விதி ஒன்றும் இல்லை. நாட்காட்டி சொல்வதை நம்புங்கள், பொது வழக்கத்தை அல்ல. போகும் இடம் இன்னும் முடிவாகவில்லை என்றால், வரைபடத்தில் விலைகளைக் காட்டும் வசதி கூகுளிலும், 'எங்கு வேண்டுமானாலும்' என்று தேடும் வசதி ஸ்கைஸ்கேனரிலும் உள்ளன.

விமான நிலையத்தின் பெயருக்குப் பதில் நகரத்தின் பெயரைக் கொடுங்கள். லண்டன் என்று கொடுத்தால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எல்லாம் சேர்ந்து வரும். டோக்கியோ என்றால் நரிதாவும் ஹனேடாவும். ஆனால் பெயரில் ஏமாறவும் கூடாது. 'பாரிஸ்' என்று விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 'ஃபிராங்ஃபர்ட்' என்று விற்கப்படும் ஹானுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கும் மேல். நள்ளிரவில் அங்கே இறங்கினால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை டாக்சிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

எல்லா நிறுவனங்களும் எல்லாத் தளங்களிலும் இருப்பதில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், 2024 வரை கூகுள் ஃப்ளைட்ஸில் தன் கட்டணங்களைக் காட்டவே இல்லை. ஆகவே உங்கள் வழித்தடத்தில் யார் யார் பறக்கிறார்கள் என்று அந்த விமான நிலையத்தின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் வராத மலிவு நிறுவனம் ஒன்று தட்டுப்படலாம்.

படி 3: எப்போது வாங்குவது?

பெரும்பாலான விமான நிறுவனங்கள் சுமார் 11 மாதங்களுக்கு முன் விற்பனையைத் திறக்கின்றன. திறந்த அன்றே ஓடிப்போய் வாங்கத் தேவையில்லை. அப்போது மலிவு வகுப்புகள் திறக்கப்படாமலும் இருக்கலாம். மறு முனையில், பல மலிவுக் கட்டணங்களுக்குப் புறப்பாட்டுக்கு 7, 14 அல்லது 21 நாட்கள் முன்னதாக வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த நாட்களைத் தாண்டும்போது விலை திடீரென்று தாவுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி நேரத்தில் மிஞ்சிய இருக்கைகளை அள்ளிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை, இன்றைய வழக்கமான விமானங்களுக்கு அனேகமாகப் பொருந்தாது. கடைசி வாரத்தில் வாங்குபவர் கட்டாயம் போக வேண்டியவர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

என் கைக்கணக்கு: உள்நாட்டுப் பயணத்துக்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பு, வெளிநாட்டுப் பயணத்துக்கு இரண்டு முதல் ஆறு மாதம் முன்பு. பண்டிகை, கோடை விடுமுறை என்று எல்லோரும் நகரும் காலமாக இருந்தால் அதற்கும் முன்பே. தேதியும் வழியும் ஓரளவு முடிவானதும் தேடுதளத்தில் விலை அறிவிப்பைப் போட்டுவிடுங்கள். மாறினால் மின்னஞ்சல் வரும். கூகுள் ஃப்ளைட்ஸ் பல வழித்தடங்களுக்கு, இன்றைய விலை வழக்கத்தைவிடக் குறைவா, அதிகமா என்றும் சொல்லும். தினமும் தேடித் தேடி மனத்தை வாட்டிக்கொள்ள வேண்டாம். எழுதிவைத்த உச்ச விலைக்குக் கீழே வந்ததும் வாங்குங்கள்.

போக வர ஒரே டிக்கெட்டா, தனித்தனியா என்பதற்கும் விடை நிறுவனத்தைப் பொறுத்தது. மலிவு நிறுவனங்கள் ஒவ்வொரு திசைக்கும் தனி விலை வைக்கின்றன. போக ஒரு நிறுவனம், திரும்ப வேறு நிறுவனம் என்று எடுத்தாலும் நட்டமில்லை. நீண்ட தூர வெளிநாட்டுப் பயணங்களில், பெட்டி, உணவு போன்றவற்றை வழக்கமாகக் கட்டணத்திலேயே சேர்த்துத் தரும் முழுச்சேவை நிறுவனங்களின் ஒருவழிக் கட்டணம், போக வரக் கட்டணத்தில் பாதியைவிட மிக அதிகமாக இருப்பது சகஜம். இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புவதாக இருந்தால், இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளுக்குப் பதில் 'பல நகரங்கள்' என்ற பகுதியில் தேடினால் போக வரக் கட்டணத்தை ஒட்டிய விலை கிடைக்க வாய்ப்பு உண்டு.

படி 4: உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

எப்போதாவது பறப்பவர் அதிகம் இழப்பது இங்கேதான். மலிவு நிறுவனங்களும், முழுச்சேவை நிறுவனங்களின் 'அடிப்படை' வகைக் கட்டணங்களும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்கின்றன: பெட்டி, இருக்கைத் தேர்வு, சில இடங்களில் தலைக்கு மேலே வைக்கும் கைப்பெட்டிகூட.

இரண்டு டிக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதின் விலை 100. இரண்டாவதின் விலை 150. தேடுதளத்தில் முதலாவது மேலே நிற்கும். கண்ணும் அங்கேயே போகும்.

முதலாவதற்கு ஒரு பெட்டி அனுப்பத் திசைக்கு 14, ஆக 28. இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் திசைக்கு 4, ஆக 8. இறங்கும் விமான நிலையம் தொலைவில். பஸ்ஸுக்குத் திசைக்கு 7, ஆக 14. நள்ளிரவில் சேருவதால் ஓர் இரவு அறை வாடகை 25. பணம் செலுத்தும்போது அட்டைக் கட்டணம் 3. மொத்தம் 178.

இரண்டாவதில் ஒரு பெட்டி கட்டணத்திலேயே அடக்கம். இருக்கையை செக்-இன் செய்யும்போது அவர்களே ஒதுக்குவார்கள். பகலில் நகருக்கு அருகே இறங்கி ரயிலில் போகத் திசைக்கு 3, ஆக 6. மொத்தம் 156.

எண்கள் என் கற்பனை. கட்டணத் தலைப்புகள் கற்பனை இல்லை. இந்தத் தலைப்புகளைத் தாளில் வரைந்து, கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று டிக்கெட்டுகளுக்கும் நிரப்பிப் பாருங்கள். சில வேளை முதலாவதே வெல்லும். தோளில் ஒரு பையோடு தனியாகப் போகிறவருக்கு மலிவு நிறுவனத்தை மிஞ்ச ஆளில்லை.

பெட்டியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. லக்கேஜ் கட்டணம், டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும்போது குறைவாகவும், விமான நிலையக் கவுன்டரில் அதிகமாகவும், புறப்படும் வாயிலில் மிக அதிகமாகவும் இருப்பது வழக்கம். கைப்பெட்டியின் அளவைச் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே அளக்க வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் 'கேபின் அளவு' என்ற அட்டையை எந்த விமான நிறுவனமும் ஏற்காது. இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் மாறிப் போகிறீர்கள் என்றால், இரண்டில் சிறிய அளவையே உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விமானத்தை இரண்டு நிறுவனங்கள் தத்தம் எண்ணில் விற்பதும் உண்டு. 'இயக்குபவர்' என்று சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அதே விமானம் மற்ற நிறுவனத்தின் தளத்தில் குறைவாகக் கிடைக்கலாம்.

படி 5: இணைப்பு விமானமா? ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள்

நேர் விமானத்தைவிட ஓரிடத்தில் மாறிப் போகும் பயணம் பெரும்பாலும் மலிவு. அதில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்பதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களைக் கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அடுத்த விமானத்தில் இடம் தருவார்கள். பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை தானாகப் போகும். தனித்தனி டிக்கெட்டுகள் என்றால், முதல் விமானம் தாமதமானதைப் பற்றி இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலையில்லை. நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான். புது டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்காகக் குடியேற்றப் பகுதியைத் தாண்டி வெளியே வர வேண்டியிருந்தால், அந்த நாட்டு விசா உங்களிடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

சில தேடுதளங்கள் இப்படித் தனித்தனி டிக்கெட்டுகளைக் கோத்து ஒரே பயணம் போலக் காட்டுகின்றன. 'சுய மாற்றம்', 'தனி முன்பதிவுகள்' என்ற குறிப்பு எங்கேனும் ஒரு மூலையில் இருக்கும். சில தளங்கள் தங்கள் உத்தரவாதம் என்று ஒன்றைச் சேர்த்து விற்கின்றன. அதன் விதிகளைப் படித்தால்தான் எது உண்டு, எது இல்லை என்று தெரியும். தனி டிக்கெட்டுகளைக் கோத்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் ஓர் இரவு தங்குவதுபோல் அமையுங்கள். அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தது போலவும் ஆகும். ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பித் தனி டிக்கெட் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நடுவழியில் இறங்கிவிடும் தந்திரத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுக்குப் போக வேண்டியது நடுவிலுள்ள ஊர். அதற்கு நேரடியாக எடுப்பதைவிட, அதன் வழியாக வேறோர் ஊருக்குப் போகும் டிக்கெட் மலிவு. எனவே அதை எடுத்து நடுவில் இறங்கிவிடுவது. விமான நிறுவனங்களின் விதிகள் பொதுவாக இதைத் தடைசெய்கின்றன. இத்தகைய டிக்கெட்டுகளைத் தேடித்தரும் ஸ்கிப்லாக்ட் என்ற தளத்தின் மீது யுனைடெட், அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் வழக்குத் தொடுத்தன. சட்டம் கிடக்கட்டும், நடைமுறைச் சிக்கலே போதும்: பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும், ஒரு பகுதியில் ஏறாவிட்டால் மீதமுள்ள பகுதிகள், திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும். இந்தக் கடைசி விதி தந்திரம் செய்யாதவர்களையும் பிடிக்கும். போகும்போது ஏதோ காரணத்தால் ரயிலில் போய்விட்டு, திரும்பும் விமானத்துக்கு நேரே வந்து நின்றால், உங்கள் இருக்கை அங்கே இருக்காது.

படி 6: யாரிடம் வாங்குவது?

விலை ஒன்றாகவோ சற்றே அதிகமாகவோ இருந்தால், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இணைய முகவர்கள் சில வேளை குறைவாகத் தருவார்கள். ஆனால் ஏதேனும் மாற்ற வேண்டியிருந்தால் நிறுவனம் முகவரைக் கைகாட்டும், முகவர் நிறுவனத்தைக் கைகாட்டுவார். அடிக்கடிப் பறப்பவருக்கு இது பழகியிருக்கும். உங்களுக்கு வருவது ஒரே ஒரு பயணம். அதில் இந்த அலைச்சல் எதற்கு?

முகவரிடம் வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். மின்னஞ்சலில் வரும் பி.என்.ஆர். என்ற ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீட்டை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டு, முன்பதிவு தெரிகிறதா என்று பாருங்கள். முழுச்சேவை நிறுவனமாக இருந்தால் 13 இலக்க டிக்கெட் எண் ஒன்றும் இருக்க வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் குறியீடு. பி.என்.ஆர். மட்டும் இருந்து டிக்கெட் எண் வரவில்லை என்றால், இடம் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது, டிக்கெட் இன்னும் வழங்கப்படவில்லை என்று பொருள். ஒரு நாளுக்குள் எண் வராவிட்டால் முகவரை விடாதீர்கள். மலிவு நிறுவனங்கள் பலவற்றில் இந்த எண் இருக்காது. அங்கே முன்பதிவு எண்ணே போதும்.

படி 7: பணம் கட்டும் பக்கத்தில் மெதுவாகப் போங்கள்

பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பகுதி காலியாக இருந்தால், அதை எப்படி நிரப்புவது என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி உண்டு. தளத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். பெயரைத் திருத்தப் பணம் கேட்கும் நிறுவனங்கள் ஏராளம். பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளையும் இப்போதே பாருங்கள்; பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. '15-ஆம் தேதி 00:20' என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15 என்று மனத்தில் பதித்துக்கொண்டு அன்று இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள், ஒரு நாள் முன்பே போய்விட்ட விமானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சேரும் நேரத்தின் பக்கத்தில் '+1' என்று இருந்தால் மறுநாள் சேருகிறது. தங்கும் விடுதியை அதற்கேற்பப் பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே குறியிடப்பட்ட காப்பீடு, 'முன்னுரிமை உதவி' போன்ற சதுரங்களை எடுத்துவிடுங்கள். வேறு நாட்டு நாணயத்தில் விலை காட்டும் தளத்தில், 'உங்கள் நாணயத்திலேயே செலுத்தலாமே' என்று கேட்டால், பொதுவாக வேண்டாம் என்று சொல்வதே லாபம். அந்த மாற்று விகிதம் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாக இருக்கும். உங்கள் அட்டை அந்நிய நாணயக் கட்டணம் வசூலிக்கிறதா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மைல் புள்ளிகள்? இலவசம் என்றால் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்காக அதிக விலை டிக்கெட் வாங்காதீர்கள். உங்கள் அடுத்த பயணத்துக்குள் பல திட்டங்களில் அவை காலாவதியாகிவிடும்.

படி 8: வாங்கிய பிறகு

வாங்கிய அன்றே உறுதிக் கடிதத்தைத் திறந்து பெயர், தேதி, ஊர், லக்கேஜ் நான்கையும் வாசித்துவிடுங்கள். அன்றே பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தோ அமெரிக்காவுக்கோ பறப்பதாக இருந்து, புறப்பாட்டுக்கு 7 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தால், ஒன்று, 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய விட வேண்டும். அல்லது பணம் கட்டாமலே அந்த விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்க விட வேண்டும் என்பது அங்கே விதி. மற்ற நாடுகளிலும் சில நிறுவனங்கள் இத்தகைய அவகாசம் தருகின்றன. உங்கள் டிக்கெட்டுக்கு அது உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள்.

அதன் பிறகு அந்த வழித்தடத்தின் விலை அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். வாங்கிய பிறகும் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு வரவில்லை. விதிவிலக்கு ஒன்று: கட்டணமின்றி மாற்றிக்கொள்ளும் டிக்கெட் உங்களிடம் இருந்து, விலை கணிசமாக இறங்கியிருந்தால், வித்தியாசத்தை வரவாக வைக்கக் கேட்கலாம்.

இணைய செக்-இன் திறக்கும் நேரத்தைக் கைபேசியில் குறித்துவையுங்கள். சில மலிவு நிறுவனங்களில் விமான நிலையத்தில் செக்-இன் செய்யத் தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் விலையைத் தொடும் அளவுக்கும் அது போகலாம்.

மாதங்களுக்கு முன்பே வாங்கியிருந்தால், நடுவில் விமான நேரம் மாறியதாக மின்னஞ்சல் வரக்கூடும். அதைத் திறக்காமல் விடாதீர்கள். சிறு மாற்றமாக இருந்தால் இணைப்பு விமானத்துக்கு இன்னும் நேரம் போதுமா என்று மட்டும் பாருங்கள். பெரிய மாற்றமாக இருந்தால் பேரம் உங்கள் பக்கம் திரும்புகிறது. வேறு நாளுக்கோ வேறு விமானத்துக்கோ கட்டணமின்றி மாற்றித்தருமாறு கேட்கலாம். பல வேளைகளில் நீங்கள் வாங்க முடியாமல் விட்ட நல்ல நேரத்து விமானமே கிடைத்துவிடும். அமெரிக்காவில் 2024-இல் வந்த விதிப்படி, விமான நேரம் உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ, வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரமோ அதற்கு மேலோ மாறி, அந்தப் பயணத்தை நீங்கள் ஏற்காவிட்டால், பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விமானம் ரத்தானால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி, பணம் திரும்பப் பெறுவதா மாற்றுப் பயணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயணிக்குத் தருகிறது.

அந்த மின்னஞ்சலில் பெரிய பொத்தானில் இருப்பது பெரும்பாலும், பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளத் தரும் வவுச்சராக இருக்கும். பணத்தைத் திரும்பப் பெறும் வழி கீழே சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். வவுச்சருக்குக் காலக்கெடு உண்டு, அதற்குள் உங்களுக்கு இன்னொரு பயணம் வருமா என்பது சந்தேகம். கீழே இருப்பதை அழுத்துங்கள்.